முப்பத்திரண்டு எழுத்து

ரீகாவில் நவம்பர் நான்கு மணிக்கே இருட்டிவிடும்.
ஏழாம் எண் டிராம் வளைவில் திரும்பும்போதெல்லாம்
என் கடையில் திருகாணிகள் டப்பாவுக்குள் நடுங்கும்.
விஸ்மா ஈரக் குடையோடு வந்தாள்.
கையுறையைக் கழற்றாமலே மேசைமேல் வைத்தாள்,
சூயிங்கம் பட்டை அளவில் ஒரு எஸ்.எஸ்.டி.

"கடவுச்சொல் மறந்துவிட்டது.
உள்ளே இருப்பது வேண்டாம். இடம் மட்டும் போதும்.
புதிது வாங்குகிற விலையா இப்போது?"

உள்ளே என்ன என்று நான் கேட்பதில்லை.
பல் பிடுங்குகிறவர் கேட்பாரா,
இதனால் யாரையெல்லாம் கடித்தாய் என்று?

திறக்க என்னால் ஆகாது, சொல்லிவிட்டேன்.
காலியாக்கலாம்.
தலையெழுத்து என்கிறோமே,
இதற்கு அது நிஜமாகவே உண்டு:
நெற்றி ஒட்டுத்தாளில், எறும்பு அளவில், முப்பத்திரண்டு எழுத்து.
அதைத் தட்டினால் பூட்டு போகும்.
பூட்டிக் காத்ததும் கூடவே போகும்.

அந்தத் தாளை யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள்.
யாரோ என்ன, அவளேதான்,
ஏதோ ஒரு தொலைபேசி அழைப்பின்போது.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
எட்டா, பி-யா?
பூஜ்யமா, ஓ-வா?
குனிந்து பார்த்தவளின் தலைமுடியிலிருந்து
ஒரு சொட்டு மழை, சரியாக ஒன்பதாம் எழுத்தின்மேல்.

முப்பத்திரண்டையும் அடித்து முடித்து
என்டர் மேல் விரல் வைத்தேன்.
"பொறுங்கள்" என்றாள்.

ஐந்து முறை தவறினால் அது வாயை மூடிக்கொள்ளும்.
மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகினால்தான்
மறுபடி காது கொடுக்கும்.
ஐந்து. பிடுங்கு. செருகு. ஐந்து.
நாயின் பெயர்.
நாயின் பெயரைத் திருப்பிப்போட்டு.
யூர்மலாவில் வாடகைக்கு இருந்த வீட்டின் எண்.
ஐவார்ஸ் என்று அடித்தாள்,
அடித்துவிட்டதற்காகவே கோபப்பட்டாள்.

ஐந்து மணிக்கு, உள்ளே ஒன்றுமில்லை என்றாள்.
ஆறு மணிக்கு, குடியிருப்புச் சங்கத்தின் நான்கு வருடக் கணக்கு.
ஏழரைக்கு,
"அவனுடைய குறட்டை. பதினொரு நிமிடம்.
நான் குறட்டையே விடுவதில்லை என்று சாதிப்பான்.
நிரூபிக்கப் பதிவு செய்தேன்.
போட்டுக் காட்டுவதற்குள் போய்விட்டான்."

எங்கே என்று கேட்கவில்லை.
கெட்டிலில் தண்ணீர் வைத்தேன்.
கம்பு ரொட்டி ஒரு துண்டு இருந்தது, பிய்த்துக்கொண்டோம்.

பிறகு, "தட்டுங்கள்" என்றாள்.

மூன்று வினாடி.
மின்விசிறியின் சுருதிகூட மாறவில்லை.
உள்ளே எதையும் யாரும் தேய்த்து அழிப்பதில்லை,
அது தன் சாவியைத் தானே விழுங்கிவிடுகிறது, அவ்வளவே.
கணக்கு, குறட்டை எல்லாம் அந்தக் கணத்தில்
ஒரே உளறலாகிவிடும்.
திரை சொன்னது: தொள்ளாயிரத்து முப்பத்தொரு ஜிபி. காலி.

பன்னிரண்டு யூரோவுக்கு ரசீது எழுதினேன்.
புதிய கடவுச்சொல் போட்டுக்கொள்ளுங்கள் என்று
விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளி,
மரியாதைக்காகச் சுவரைப் பார்த்து நின்றேன்.
விசைகள் ஓடின,
இறங்கிப் பழகிய மாடிப்படியில் கால் ஓடுவதுபோல,
தயக்கமே இல்லாமல், பதினான்கு தட்டல்.
என் காது எண்ணும், அதற்கு மரியாதை தெரியாது.

அப்புறம் சத்தமில்லை.

திரும்பினேன்.
அடுத்தவர் பர்ஸோடு பிடிபட்ட விரல்களைப் பார்ப்பதுபோல
தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இதுதான் என்று நினைக்கிறேன்.
இதுதானே அது?"

எனக்கெப்படித் தெரியும்?
ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லத் தெரிந்த ஒரே வாய்
அந்தப் பழைய பூட்டு.
முக்கால் மணி நேரம் முன்னால்
அதை மூடியது என் விரல்.

பன்னிரண்டு யூரோவைச் சில்லறையாக எண்ணி வைத்தாள்.
அடித்த வார்த்தையை மாற்றவில்லை.
அந்த வெறும் இடத்தை அதனாலேயே பூட்டிக்கொண்டு
குடையை விரிக்க மறந்து இறங்கிப் போனாள்.
டிராம் வந்தது. திருகாணிகள்.